அத்லெட்டிக் டிரெய்னர் ஆக முதுகலைப் பட்டம்: மகள் கேட்கிறாள், என்ன சொல்வது?

மிஷிகன்_அம்மா

வணக்கம். என் மகள் உயிரியலில் இளநிலை மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்து ஃபிசிகல் தெரபி படிப்பாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், தான் அத்லெட்டிக் டிரெய்னர் ஆகப் போவதாகவும், அதற்கு இரண்டு வருட முதுகலைப் படிப்பு படிக்க வேண்டும் என்றும் சொன்னாள். அவள் அப்பா, "ஜிம்மில் பயிற்சி கொடுக்க எதற்கம்மா மாஸ்டர்ஸ்?" என்று கேட்டுவிட்டார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது.

இந்த ஆசை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் சாக்கர் ஆடும்போது திரும்பிய வேகத்தில் விழுந்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். பள்ளியின் அத்லெட்டிக் டிரெய்னர் ஓடி வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டார். தூக்கவில்லை, நிற்கச் சொல்லவில்லை. அடிபடாத காலைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார். "அந்தக் கால் இல்லை, இந்தக் கால்!" என்று நான் கத்தினேன். பிறகு அடிபட்ட முழங்காலை லேசாக மடக்கி, தொடையை ஒரு கையாலும் முழங்காலுக்குக் கீழே இன்னொரு கையாலும் பிடித்து ஒரு சின்ன இழுப்பு. அவ்வளவுதான். ஏசிஎல் என்ற முழங்கால் தசைநார் கிழிந்தது போலத் தெரிகிறது, எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், எந்த மருத்துவரிடம் போவது என்று எழுதித் தருகிறேன் என்றார். பத்து நாள் கழித்து எம்ஆர்ஐயும் அதையே சொன்னது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது மாதம் பள்ளி முடிந்ததும் அவரிடம்தான் போவாள்.

ஆகவே அந்த வேலையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. படிப்பைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. ஏன் முதுகலை? செலவு எவ்வளவு? முடித்தால் சம்பளம் என்ன? அவளிடம் மறுபடி பேசுவதற்கு முன் நான் தெளிவாக இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டேப்_ரோல்

அக்கா, நான் பென்சில்வேனியாவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பன்னிரண்டு வருடமாக அத்லெட்டிக் டிரெய்னர். சுருக்கமாக ஏடி என்போம். நீங்கள் கேட்காத ஒன்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அவர் ஏன் நல்ல காலை முதலில் தொட்டார் என்றால், மூட்டின் தளர்வு ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் மகளின் நல்ல முழங்கால் இயல்பாகவே எவ்வளவு அசைகிறது என்று தெரிந்தால்தான், அடிபட்டது எவ்வளவு அதிகமாக அசைகிறது என்று சொல்ல முடியும். அதோடு, பயந்து போன பிள்ளைக்கு அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதும் வலிக்காமல் புரிந்துவிடும். அந்த இழுப்பின் பெயர் லாக்மன் சோதனை. முழங்கால் வீங்கி, தொடைத் தசை இறுகிக்கொள்வதற்கு முன்னால் செய்தால்தான் நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காத்திருந்து மருத்துவர் தொடும்போது அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விட்டிருக்கும். மைதானத்தில் நிற்பவருக்குத்தான் அந்தச் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. என்ன வேலை என்று அவள் அப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பெயர்தான் இந்தத் தொழிலுக்கு இருக்கும் பெரிய தலைவலி. பெர்சனல் டிரெய்னர் வேறு, நாங்கள் வேறு. 1990ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை மருத்துவத்தைச் சார்ந்த தொழிலாக அங்கீகரித்துவிட்டது. காயம் வராமல் தடுப்பது, வந்தால் என்னவென்று கண்டுபிடிப்பது, அவசர சிகிச்சை, அப்புறம் திரும்ப ஆடும் வரை தேற்றிக்கொண்டு வருவது, எல்லாமே ஒரு மருத்துவரோடு இணைந்து. 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் பஃபலோ பில்ஸ் ஃபுட்பால் அணி வீரர் டமார் ஹாம்லினின் இதயம் ஆட்டத்தின் நடுவில் நின்றுபோனது அல்லவா? மைதானத்திலேயே சிபிஆர் கொடுத்த டென்னி கெல்லிங்டன் அந்த அணியின் உதவி அத்லெட்டிக் டிரெய்னர்.

ஏன் முதுகலை என்பதற்கு வருகிறேன். நான் படித்த காலத்தில் இளநிலைப் பட்டம் போதும். எனக்கு முந்தைய தலைமுறையில் இன்டர்ன்ஷிப் வழி கூட இருந்தது. குறிப்பிட்ட மணி நேரம் ஒரு ஏடியிடம் வேலை பழகிவிட்டுத் தேர்வு எழுதலாம். 2004ல் அதை மூடினார்கள். 2015 மே மாதம், தேசியச் சங்கமான நாட்டா, தேர்வு நடத்தும் பிஓசி, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் சிஏஏடிஇ, நாட்டாவின் அறக்கட்டளை ஆகிய நான்கும் சேர்ந்து, தொழிலுக்குள் நுழையும் பட்டம் இனி முதுகலை என்று அறிவித்தன. 2022 இலையுதிர் பருவம் தொடங்கிய பிறகு இளநிலைத் திட்டங்கள் புதிய மாணவரைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆகவே உங்கள் மகளுக்கு இன்று இருப்பது ஒரே பாதை: சிஏஏடிஇ அங்கீகாரம் உள்ள முதுகலை, அதன் பிறகு பிஓசி தேர்வு, அதன் பிறகு மாநில உரிமம். தேர்வு 175 கேள்வி, நான்கு மணி நேரம். தேறினால் பெயருக்குப் பின்னால் ஏடிசி என்று போட்டுக்கொள்ளலாம்.

மாற்றம் தேவைதானா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை உண்டு. என் கருத்தைக் கேட்டால், தேவைதான். பதினெட்டு வயதுப் பிள்ளை முதல் வருட வேதியியலோடு சேர்த்துக் கழுத்தெலும்பு முறிவைக் கையாளவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அறிவியல் பாடங்கள் தேர்வுக்கான மனப்பாடமாகவே நின்றுவிட்டன. இப்போது அடிப்படையை முடித்துவிட்டு வருகிறார்கள். என்னிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் அந்த வித்தியாசத்தை நேரில் பார்க்கிறேன்.

இரண்டாம்_வருடம்

நான் இப்போது அந்தப் படிப்பில்தான் இருக்கிறேன், ஆன்ட்டி. கடைசிப் பருவத்துக்கு முந்தைய பருவம். உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

சேருவதற்கு உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறியல், உடலியங்கியல் ஆகிய பாடங்களைக் கல்லூரி அளவில் முடித்திருக்க வேண்டும். உங்கள் மகள் உயிரியல் என்பதால் பாதி வேலை முடிந்தது. கினிசியாலஜி (உடல் அசைவியல்) படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரும்பாலான திட்டங்களுக்கு ஏடிகேஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். சில இடங்களில் ஒரு ஏடியோடு இருந்து வேலையைப் பார்த்த மணி நேரக் கணக்கும் கேட்பார்கள்.

எங்கள் திட்டத்தில் முதல் கோடையிலேயே அவசர சிகிச்சைதான் ஆரம்பம். ரத்தப்போக்கை நிறுத்த டூர்னிகே கட்டுவது, கழுத்துத் தண்டுவடத்தை அசையாமல் பிடிப்பது, நகர்ந்த மூட்டைத் திரும்ப உட்கார வைப்பது, காயத்தை மூடுவது, போதை மருந்து அதிகமாகிவிட்டால் நலோக்சோன் கொடுப்பது. இவையெல்லாம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தரவிதிகளில் இருக்கின்றன. ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்ட ஆளை எட்டுப் பேர் சேர்ந்து தூக்குவதை நூறு முறையாவது செய்திருப்போம். தலையைப் பிடித்திருப்பவர்தான் எண்ணிக்கை சொல்ல வேண்டும், மற்றவர் யாரும் வாய் திறக்கக் கூடாது.

வகுப்பைவிட கிளினிக்கல், அதாவது நேரடிப் பயிற்சிதான் பெரிது. ஒரு பிரிசெப்டரின் (வேலையிடத்தில் மேற்பார்வையிட்டுக் கற்றுத்தருபவர்) கீழே பள்ளி, கல்லூரி, எலும்பு மருத்துவர் கிளினிக் என்று மாறி மாறிப் போவோம். விளையாட்டு வீரர்கள் மட்டும் போதாது. குழந்தை முதல் முதியவர் வரை, விளையாட்டே தெரியாத நோயாளிகள் வரை பார்த்தாக வேண்டும். குறைந்தது நான்கு வாரம் வகுப்பே இல்லாமல் முழு நேரமும் ஓரிடத்தில் இருக்கும் இம்மெர்ஷன் கட்டாயம்.

என் இம்மெர்ஷன் ஆகஸ்டில் ஒரு கல்லூரி ஃபுட்பால் அணியோடு. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், அந்தப் பையனின் தனிப்பட்ட விஷயம். ஐந்தாம் நாள் காலை, முன்வரிசையில் ஆடும் ஒரு வீரன் ஓட்டத்தின் நடுவில் திசை மாறிப் போக ஆரம்பித்தான். பிரிசெப்டர் அவன் பெயரைக் கூப்பிட்டார். அவன் திரும்பி, எங்கே இருக்கிறோம் என்று கேட்டான். அடுத்த நொடி அவர் என்னிடம் சொன்னது "டப்" என்ற ஒரு வார்த்தை.

ஐஸும் தண்ணீரும் நிரம்பிய பெரிய தொட்டி காலையிலிருந்தே மைதான ஓரத்தில் தயாராக இருக்கும். தினமும் காலையில் அதை நிரப்புவது என் வேலை. முதல் நான்கு நாளும் யாரும் அதைத் தொடவில்லை. பயிற்சி முடிந்ததும் தண்ணீரைத் திறந்துவிடுவேன். அன்று நான்கு பேர் சேர்ந்து அவனை உள்ளே இறக்கினோம். ஒரு போர்வையை அக்குளுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் பின்னாலிருந்து நான் பிடித்துக்கொண்டேன், தலை முங்காமல் இருக்க. இன்னொருவர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கலக்காவிட்டால் உடம்பை ஒட்டிய தண்ணீர் சூடேறி நின்றுவிடும். மலக்குடல் தெர்மாமீட்டர் 106.8 ஃபாரன்ஹீட் காட்டியது. ஹீட் ஸ்ட்ரோக், அதாவது உடல் சூடு கட்டுமீறிப்போவது. அவன் என்னைத் திட்டினான், கையை உதறினான். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. அவர்கள் ஏற்றப் பார்த்தார்கள். பிரிசெப்டர் விடவில்லை. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் கொண்டு போக வேண்டும் என்பது எங்கள் அவசரத் திட்டத்தில் எழுதி, டீம் டாக்டர் கையெழுத்துப் போட்டது. அதை எடுத்துக் காட்டினார். பதினாலு நிமிடத்தில் 102க்கு வந்தது. அப்போது அவன் தலையைத் தூக்கி, "ஏன் இவ்வளவு குளிருது?" என்று கேட்டான். என் இரண்டு கையும் மரத்துப்போயிருந்தன. போர்வையை விடச் சொன்ன பிறகும் விரல்கள் பிரியவில்லை.

நாக்கின் அடியிலோ நெற்றியிலோ வைக்கும் தெர்மாமீட்டர் இந்த மாதிரி நேரத்தில் பொய் சொல்லும் என்று வகுப்பில் படித்திருந்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் அந்த வரியின் கனம் தெரிந்தது.

டேப்_ரோல்

தம்பி, நன்றாகச் செய்திருக்கிறாய். மற்றவர்களுக்காக ஒரு வரி. 2001 ஆகஸ்ட் 1 அன்று மின்னசோட்டா வைக்கிங்ஸ் ஃபுட்பால் அணி வீரர் கோரி ஸ்ட்ரிங்கர் பயிற்சி முகாமில் வந்த இதே ஹீட் ஸ்ட்ரோக்கால் இறந்தார். அவர் பெயரில் 2010ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். அந்த ஐஸ் தொட்டி பள்ளிகள் வரை பரவியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. உடனே குளிர்வித்தால் பிழைக்க வைக்கக்கூடிய ஒன்றுக்குப் பிள்ளைகள் இன்னும் இறக்கிறார்கள் என்பதுதான் தாங்க முடியாதது. 2019ல் வந்த கணக்கெடுப்பில், மூன்றில் ஒரு பங்கு உயர்நிலைப் பள்ளிகளில் ஏடி இல்லவே இல்லை.

கணக்குப்புத்தகம்

எல்லோரும் அழகான பக்கத்தையே சொல்கிறீர்கள். அந்த அம்மா செலவையும் கேட்டிருக்கிறார். நான் ஏழு வருடம் ஏடியாக இருந்தவன். இரண்டு வருடத்துக்கு முன் விலகிவிட்டேன். வேலையை வெறுத்து வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி அத்லெட்டிக் டிரெய்னரின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 60,250 டாலர். ஃபிசிகல் தெரபிஸ்டுக்கு 1,01,020. இளநிலைக்குப் பிறகு இவர்களுக்கு இரண்டு வருடம், அவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வருட டிபிடி (ஃபிசிகல் தெரபி முனைவர் பட்டம்). ஒரு வருட வித்தியாசத்துக்கு நாற்பதாயிரம் டாலர் வித்தியாசம். இதை அந்தப் பெண் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. முன்பெல்லாம் இளநிலை முடித்து ஏடிசி வாங்கியவர்கள், ஒரு பல்கலைக்கழகத்தில் ஜிஏ (பட்டமேற்படிப்பு உதவியாளர்) வேலை பார்த்துக்கொண்டே முதுகலை படிப்பார்கள். கட்டணம் கிடையாது, கையில் சிறு தொகையும் வரும். நானும் அப்படித்தான் படித்தேன். இப்போது முதுகலை முடிக்காமல் ஏடி ஆகவே முடியாது என்பதால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. அதே முதுகலைக்கு இன்றைய பிள்ளைகள் சொந்தக் கடன் வாங்குகிறார்கள். பட்டத்தை உயர்த்திய அமைப்புகள் சம்பளமும் தானாக உயரும் என்று நம்பின. நான் வேலையில் இருந்தவரை என் கண்ணுக்கு அது தெரியவில்லை.

நேரமும் ஒரு கணக்கு. மாலை, இரவு, சனிக்கிழமை. எனக்கு மகன் பிறந்த வருடத்தில் அவன் தூங்குவதற்கு முன் நான் வீடு வந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

டேப்_ரோல்

கணக்குப்புத்தகம் சொன்னதில் நான் மறுப்பதற்கு எண்கள் எதுவும் இல்லை. ஜிஏ வழி போனது உண்மையான இழப்பு. அதை ஈடு செய்யும் உதவித்தொகையைப் பல பல்கலைக்கழகங்கள் இன்னும் யோசிக்கவே இல்லை என்பது என் மனக்குறையும்கூட. ஜிஏ என்ற பெயரில் வாரம் அறுபது மணி நேரம் வேலை வாங்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதில், அனுபவமுள்ளவர் யாரும் பக்கத்தில் இல்லாமல், ஓர் அணி முழுக்க என் பொறுப்பில் இருந்தது. இன்று அதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. இப்போதைய மாணவர் இரண்டு வருடமும் பிரிசெப்டரின் கண்பார்வையில் இருக்கிறார்.

சம்பளம் எல்லா இடத்திலும் ஒன்று இல்லை. எலும்பு மருத்துவர் கிளினிக், தொழிற்சாலை, சரக்குக் கிடங்கு, ராணுவம், நடனக் குழு என்று இப்போது ஏடிகள் போகும் இடங்கள் விரிந்துவிட்டன. அவற்றில் பலவற்றில் பகல் நேர வேலை. பள்ளியை விட்டு நான் போகாததற்குக் காரணம் வேறு. அது என் விருப்பம்.

கோவை_ஃபிசியோ

நான் கோவையில் பிபிடி (இளநிலை ஃபிசியோதெரபி) முடித்து நான்கு வருடமாக ஒரு கிளப் அணியோடு வேலை செய்கிறேன். என் அனுபவத்தை வைத்து நேராக பிஓசி தேர்வு எழுத முடியுமா? இல்லையென்றால் முதுகலை முழுவதும் படிக்க வேண்டுமா?

கண்காணிப்பு_மணி

அண்ணா, நேராக முடியாது. நான் ஒரு கல்லூரியில் பிரிசெப்டர், வருடா வருடம் இந்தக் கேள்வி வரும். சிஏஏடிஇ அங்கீகாரம் உள்ள படிப்பை முடித்தவருக்குத்தான் தேர்வு. கனடா, அயர்லாந்து போன்ற சில நாடுகளின் சங்கங்களோடு மட்டும் பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறது. இந்திய பிபிடிக்கு அது இல்லை. ஆனால் பிபிடியில் படித்த உடற்கூறியல், உடலியங்கியல் பாடங்களை, சான்றிதழ் மதிப்பீடு செய்த பிறகு, முன்தேவைப் பாடங்களாகப் பல திட்டங்கள் ஏற்கும். வேதியியல், இயற்பியல் மட்டும் தனியாகப் படிக்க வேண்டி வரலாம். எஃப்-1 மாணவர் விசாவில் வந்தால், முடித்த பிறகு ஓபிடி என்ற வேலை அனுமதியில் ஒரு வருடம் வேலை பார்க்கலாம். அதற்குப் பிறகு எச்-1பி வேலை விசா. பல்கலைக்கழகங்கள் எச்-1பிக்கு ஆண்டுதோறும் வைக்கும் எண்ணிக்கை உச்சவரம்புக்குள் வராது என்பதால், கல்லூரி வேலையைக் குறிவைப்பது நல்லது. சேருவதற்கு முன்பே அந்தத் திட்டத்தின் இயக்குநரிடம், வெளிநாட்டு மாணவர்கள் கடைசியாக எங்கே வேலைக்குப் போனார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

இப்போது அந்த அம்மாவுக்கு. எந்தத் திட்டத்தில் சேருவது என்பதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

ஒவ்வொரு திட்டமும் தன் முடிவுகளைத் தன் இணையப் பக்கத்தில் வெளியிட்டாக வேண்டும். எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, முதல் முறையிலேயே பிஓசி தேறியவர் எத்தனை சதவீதம், எல்லாம். முதல் முறை தேர்ச்சி, மூன்று வருடச் சராசரியில் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அங்கீகாரத்துக்கே சிக்கல். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 100 சதவீதம் என்று போட்டிருந்தால் எத்தனை பேர் எழுதினார்கள் என்று பாருங்கள். ஐந்து பேர் எழுதி ஐந்து பேரும் தேறினால் நல்லதுதான், ஆனால் அடுத்த வருடம் இரண்டு பேர் தவறினால் 60 ஆகிவிடும். அதனால் மூன்று வருட எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஆறு பேர் மட்டும் முடித்திருந்தால், அந்த நான்கு பேர் ஏன் போனார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

அதைவிட முக்கியம் பிரிசெப்டர்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்து எடை போடாதீர்கள். உங்கள் மகள் தினமும் யாரோடு நிற்கப் போகிறாள்? பயிற்சி இடங்கள் எத்தனை மைல் தூரத்தில்? கார் இல்லாமல் முடியுமா? பெட்ரோல், பின்னணிச் சோதனை, தடுப்பூசி, சீருடைச் செலவெல்லாம் யார் தலையில்? கட்டணப் பட்டியலில் இவை சில நேரம் தெரியாது. வந்து சேர்ந்த பிறகு திண்டாடிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம்_வருடம்

அக்கா சொன்னதற்கு நானே உதாரணம். முதல் வருடம் எனக்குக் கிடைத்த ஒரு இடத்தில் ஆறு வாரம் தண்ணீர் பாட்டில் நிரப்பினேன், துண்டு மடித்தேன். கணுக்காலுக்கு டேப் போடக்கூட விடவில்லை. கேள்வி கேட்டால், பார்த்துக் கற்றுக்கொள் என்பார் பிரிசெப்டர். கடைசியில் எங்கள் கிளினிக்கல் ஒருங்கிணைப்பாளரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் அடுத்த வாரமே நேரில் வந்து பார்த்து என்னை வேறிடத்துக்கு மாற்றினார். அப்போதுதான் தோன்றியது, அந்த மாதிரி ஒருங்கிணைப்பாளர் இல்லாத திட்டத்தில் சேர்ந்திருந்தால் நான் ஒரு பருவத்தையே இழந்திருப்பேன். நேர்காணலுக்குப் போகும்போது, ஓர் இடம் சரியில்லை என்று மாணவர் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று உங்கள் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். போன தடவை என்ன செய்தோம் என்று சொல்பவர்களை நம்பலாம்.

மிஷிகன்_அம்மா

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இந்த இழை முழுவதையும் அவள் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஐஸ் தொட்டி வந்த இடத்தில் அவர் போனைக் கீழே வைத்துவிட்டார். மகளுக்கு அவரே ஃபோன் செய்தார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை, ஆனால் "அந்த லாக்மன் சோதனையை எப்படிச் செய்வார்கள்?" என்று கேட்டார். அவள் இருபது நிமிடம் பேசினாள்.

அவளுக்குச் சம்பளக் கணக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஃபிசிகல் தெரபி கிளினிக் ஒன்றில் போன கோடையில் உதவியாளராக இருந்தாள். நல்ல வேலைதான், ஆனால் அங்கே வருபவருக்கு அடிபட்டு மூன்று வாரம் ஆகியிருக்கும், எனக்கு முதல் மூன்று நிமிடத்தில் இருக்க வேண்டும் என்கிறாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடன்தான் இன்னும் உறுத்துகிறது. நாங்கள் கொஞ்சம் கொடுக்க முடியும், முழுவதும் முடியாது. அரசுக் கடன் வாங்கலாமா?

கணக்குப்புத்தகம்

அம்மா, இதைக் கவனமாகப் படியுங்கள். விதி மாறுகிறது. பட்டமேற்படிப்பு மாணவர்கள் முழுச் செலவுக்கும் வாங்கக்கூடிய கிராட் பிளஸ் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவருக்குக் கிடையாது. முதுகலை மாணவருக்கு மிச்சம் இருப்பது, ஆண்டுக்கு 20,500 டாலர் வரை கிடைக்கும் நேரடிக் கடன். மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 50,000 வரை தருகிறார்கள், அந்தப் பட்டியலில் அத்லெட்டிக் டிரெய்னிங் இல்லை. இரண்டு வருடத்துக்கு 41,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணமும் தங்கும் செலவும் அதைத் தாண்டினால் மிச்சத்துக்குத் தனியார் கடன்தான். தனியார் கடன் வாங்கி இந்தப் படிப்பைப் படிக்க வேண்டாம். 60,000 சம்பளத்தில் அந்த வட்டியைத் தாங்க முடியாது. மாநிலப் பல்கலைக்கழகம், உள்ளூர்வாசிக் கட்டணம், முடிந்தால் வீட்டிலிருந்தே போகும் தூரம். இந்த மூன்றும் அமைந்தால் நான் எதிர்த்து ஒன்றும் சொல்ல மாட்டேன்.

மூன்று வருட இளநிலையோடு இரண்டு வருட முதுகலையைச் சேர்த்து ஐந்தே வருடத்தில் முடிக்கும் திட்டங்களும் உண்டு. உங்கள் மகள் மூன்றாம் ஆண்டு என்பதால் அவள் படிக்கும் இடத்திலேயே அப்படி ஏதாவது இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். ஒரு வருடக் கட்டணம் மிஞ்சும்.

கண்காணிப்பு_மணி

இதோடு ஒரு சின்ன எச்சரிக்கை. கலிஃபோர்னியாவுக்குப் போகும் எண்ணம் இருந்தால், அங்கே மட்டும் ஏடிக்கு மாநில உரிமச் சட்டம் கிடையாது. மற்ற 49 மாநிலங்களிலும் தலைநகரிலும் உரிமமோ அதற்கு இணையான ஒழுங்குமுறையோ இருக்கிறது. உரிமம் இல்லாத இடத்தில் படிக்காதவரும் அதே பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பெற்றோருக்கு வித்தியாசம் தெரியாது. அங்கே வேலை செய்யும் என் தோழிகள் பல வருடமாக இதற்காகச் சட்டமன்றத்துக்கு நடையாய் நடக்கிறார்கள். டெக்சாஸ் 1971லேயே சட்டம் போட்ட மாநிலம் என்பதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

தேர்ச்சி பெற்ற பிறகும் படிப்பு நிற்காது. இரண்டு வருடத்துக்கு 50 தொடர்கல்வி அலகுகள் முடிக்க வேண்டும். அது செலவு என்று பார்க்காதீர்கள். நான் படித்தபோது கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளை அதிர்வது) வந்த பிள்ளையை இருட்டறையில் படுக்க வைக்கச் சொன்னார்கள். இன்று ஒன்றிரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு மெதுவாக நடக்கச் சொல்கிறோம். படிக்காமல் இருந்திருந்தால் நான் இன்னும் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டிருப்பேன்.

டேப்_ரோல்

அக்கா, மகளுக்கு நேரம் இருந்தால் ஒரு முழு நாள் அவளுடைய பழைய பள்ளியின் ஏடியோடு இருக்கச் சொல்லுங்கள். ஆட்ட நாள் வேண்டாம், சாதாரண செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு வந்து, காப்பீட்டுப் படிவம் நிரப்பி, முப்பது கணுக்காலுக்கு டேப் போட்டு, ஒரு அம்மாவிடம் பையன் வெள்ளிக்கிழமை ஆட முடியாது என்று சொல்லி, அதற்காகக் கோச்சிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசிப் பஸ் போன பிறகு ஐஸ் மிஷினை அணைப்பது வரை. அந்த நாள் பிடித்திருந்தால் படிக்கட்டும்.

மிஷிகன்_அம்மா

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

அவள் போனாள். ஒரு செவ்வாயும் ஒரு வியாழனும். அவள் முழங்காலைப் பார்த்த அதே டிரெய்னர்தான் இன்னும் அங்கே இருக்கிறார். கோச்சிடம் பேசும்போது இவளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாராம். இரவு எட்டரைக்கு வீட்டுக்கு வந்து, விரலில் ஒட்டியிருந்த டேப் பசையைத் தேய்த்துக்கொண்டே இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஐந்து வருடத் திட்டம் அவள் கல்லூரியில் இல்லை. வீட்டிலிருந்து நாற்பது நிமிடத்தில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலை இருக்கிறது. மூன்று வருட எண்களைப் பார்த்தோம், நேரில் போனோம். ஓர் இடம் சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டாள். ஒருங்கிணைப்பாளர் கொஞ்சம் யோசித்து, போன வருடம் ஒரு பள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம் என்று சொல்லி, ஏன் என்றும் விளக்கினார். திரும்பும் வழியில் காரில் அவள் அப்பாதான் அதைப் பற்றி அதிகம் பேசினார்.

இயற்பியல் பாடம் ஒன்று பாக்கி இருக்கிறது. கோடையில் கம்யூனிட்டி காலேஜில் எடுக்கிறாள், இடம் கிடைத்துவிட்டது. ஏடிகேஸ் விண்ணப்பத்துக்கு அந்தப் பழைய டிரெய்னரே பரிந்துரைக் கடிதம் தருகிறேன் என்றிருக்கிறார்.